ஈரலில் நின்ற நீர்

எனக்கு நோய் கண்டபோது வயது நாற்பத்தாறு. மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பி.ஏ. பட்டம் பெற்றவன். போடிநாயக்கனூரில் அப்பட்டம் பெற்றிருந்தவர்களை அந்நாளில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எட்டு ஆண்டுகள் பெஞ்சு மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து வழக்குக் கேட்டவன். எங்கள் கோயிலின் தர்மகர்த்தா. போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில், பாட்டனார் காலத்து ஏலத்தோட்டம் ஒன்று என் நிர்வாகத்தில் இருந்தது. புலாலும் மதுவும் எங்கள் குடும்பத்தில் நுழைந்ததில்லை. இவற்றைப் பெருமைக்காக நான் அடுக்கவில்லை. எதைக் காப்பாற்றுவதற்காக வாய் மூடியிருந்தேன் என்பது படிப்பவர்களுக்கு விளங்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். கோயில் மடைப்பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் சமைத்த ஒருவரை நான் வேலையிலிருந்து நீக்கினேன். மழையில் நனைந்து நடுங்கிய நாய்க்குட்டி ஒன்றை அடுப்படிச் சாம்பலில் படுக்கவிட்டார் என்பது அவர்மீது குற்றம். "நாயைத் தீண்டிய கை நைவேத்தியத்தைத் தீண்டலாகாது" என்று உத்தரவில் என் கைப்படவே எழுதினேன். அவ்வுத்தரவு ஒரு மாதம் கோயில் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. நின்று படித்தவர்கள் என்னை மெச்சிச் சென்றார்கள்.

இப்போது எழுத நேர்ந்த காரணம் இது. சிலமலையில் ஒரு பெண்ணுக்கு ராசிங்காபுரத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் சென்ற மாதம் முறிந்தது. அவளுடைய அத்தை எங்கள் தோட்டத்தில் எப்படி இறந்தாள் என்று ஊரார் சொல்லும் கதைதான் முறிவுக்குக் காரணமாம். அந்த அத்தைக்கு வந்த நோயும் எனக்கு வந்த நோயும் ஒன்று. நான் மதுரையில் படுத்து எழுந்தேன். அவள் எழவில்லை. ஆகவே என் ஆஸ்பத்திரி நாட்களைச் சொல்லாமல் அவளைப் பற்றிய உண்மையைச் சொல்ல இயலாது.

தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் காவலாக நாய்கள் வைத்திருந்தோம். பச்சை ஏலக்காயை அனல் மூட்டி உலர்த்தும் கட்டிடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். மழைக்காலத்தில் நாய்கள் அதன் வெதுவெதுப்பைத் தேடி அங்கேயே கிடக்கும். காவற்காரன் சடையாண்டி சிலமலைக்காரன். அவனுடைய தங்கை மாயக்காள் இருபது வயதுக்குள் தாலியை இழந்து அண்ணனிடம் வந்துவிட்டவள். ஸ்டோரைப் பெருக்குவதும், காய் பொறுக்குவதும், நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுவதும் அவள் வேலை. அகப்பையால் பானை விளிம்பை மூன்று முறை தட்டுவாள். எந்தச் சரிவில் இருந்தாலும் நாய்கள் ஓடி வந்துவிடும்.

அவற்றுள் ஒன்றைச் செவலை என்று அழைத்தார்கள். ஓர் ஐப்பசியில் அதன் இடது காது தடித்துச் சிவந்து, தொட்டால் சுட்டது. உடம்பில் ஓரிடம் இவ்வாறு சிவந்து வீங்கிச் சுட்டு நோவதை மருத்துவ நூல்கள் தாபிதம் என்கின்றன. வெளியிலிருந்து வந்த ஒன்றை உடம்பு எதிர்த்து நிற்பதன் அடையாளம் அது. காது மடிப்பைப் புரட்டினால் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. மூக்குத் துவாரத்துக்குள் அட்டை ஒன்று புகுந்து உப்பியிருந்தது. நாய் வளர்ப்பைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று தோட்டத்தில் நான் தங்கும் பங்களாவில் கிடந்தது. அதைப் பார்த்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். உப்புநீரைச் சொட்டி அட்டையை வரவழைத்தேன். காதுக்கு வேப்பெண்ணெய் தடவினேன். பதினெட்டு நாட்களில் காது ஆறியது. அதன் பின்னர் நான் மலைக்குப் போகும்போதெல்லாம் செவலை என் கட்டிலடியில் படுத்தது. நான் அவல் தின்றுகொண்டே மறு கையால் அதன் பிடரியைத் தடவுவேன். வேறு எவரையும் நான் அவ்வளவு அருகில் இருக்கவிட்டதில்லை.

கதவைத் தாழிட்டாலும் மாயக்காளுக்குத் தெரிந்துவிட்டது.

"எசமானே, கீழ போடியில நாய் குறுக்க போனாலே தலைமுழுகுறீகளாம்ல? இங்ஙன செவலைக்குக் காது குடைஞ்சு விடுறீக. மெட்டு ஏறுனா தீட்டு எறங்கிருமாக்கும்?"

"உன் வேலையைப் பார்."

"பாக்குறேன், பாக்குறேன். டேய் செவலை, ஒனக்கென்னடா கொறச்சல், மாஜிஸ்திரேட்டு வைத்தியம்!"

வேறு எவள் பேசியிருந்தாலும் அன்றே மலையிறக்கியிருப்பேன். அவள் எவரிடமும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவுமில்லை.

எங்கள் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் காய் எடுப்பதற்கு முன்பு மலைத்தெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். கிடாயின் ஈரல் காவல் நாய்க்கு உரியது. அதைத் தோட்ட உடையவர் தம் கையால் வீச வேண்டும். புலால் தொடாத எனக்கும் இதில் விலக்கு இல்லை. ஒரு தேக்கிலையில் வைத்து நீட்டுவார்கள், நான் இலையோடு வீசுவேன். ஈரலில் நீர் நிறைந்த வெண்கொப்புளம் இருந்தால் கூட்டம் குலவையிடும். ஈரலில் நீர் நின்றால் அவ்வாண்டு மலையில் மழை நிற்கும் என்பது குறி. கொப்புளம் எத்தனை பெரிதோ அத்தனை மகிழ்ச்சி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நல்ல குறி கிடைத்தது. மூன்று முறையும் செவலைதான் முந்தி வந்து கவ்வியது.

என் நோய் ஒரு கனமாகத் தொடங்கியது. வலப்பக்க விலாவின் கீழ், உண்ணாதபோதும் உண்டதுபோல் ஒரு நிறைவு. கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. ஊர் வைத்தியர் ஈரல் வீக்கம் என்றார். பத்தியம் இருந்தேன், லேகியம் உண்டேன். கட்டி வளர்ந்தது. அதற்குள் ஊரில் பேச்சும் வளர்ந்தது. ஈரல் வீங்குவது எதனால் என்று எல்லோருக்கும் தெரியுமாம். மலைமேல் துரைமார் பங்களாவில் இவர் என்ன குடித்தார் என்பதை மலைதான் சொல்ல வேண்டுமாம். இதை என் காதுபடவே ஒருவர் சொன்னார். அன்று நான் பட்ட அவமானம் கட்டியைக் காட்டிலும் கனத்தது.

அந்தப் பருவத்தில் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாயக்காள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எசமானுக்கும் அங்ஙனதானா? எனக்கும் இதே எடத்துல ஒரு தேங்கா கெடக்கு. குனிஞ்சு பெருக்குனா முட்டுது. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு பட்டிருக்கும் போல."

ஒரு கூலிப் பெண்ணின் உடம்பும் என் உடம்பும் ஒரே பேச்சில் வருவதே எனக்குப் பொறுக்கவில்லை.

என்னை நான்கு பேர் டோலியில் மலையடிவாரத்து முந்தலுக்கு இறக்கினார்கள். அங்கிருந்து வீடு வந்து, பிறகு மாட்டு வண்டியில் பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக ரயிலடிக்குச் சென்றோம். என்னோடு என் மனைவி விசாலாட்சி மட்டும் வந்தாள். அவள் வைக்கோலை மூன்று அடுக்காகப் பரப்பி, அதன்மேல் தன் கல்யாணப் பட்டை விரித்து என்னைப் படுக்க வைத்தாள். பட்டுப் புடவை பாழாகுமே என்றேன். "பொட்டியில கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு இது மேலு" என்றாள்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் முதல்முறையாக நான் எவருக்கும் தெரியாதவனாக உட்கார்ந்தேன். எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு முன்னே ஒரு வண்டிக்காரர், ஒரு கைக்குழந்தைக்காரி, தாடை வீங்கிய ஒரு கிழவர். பி.ஏ. என்று சீட்டில் எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, "அது என்ன ஊருங்க?" என்றார். கைக்குழந்தைக்காரி சிரித்துவிட்டாள். விசாலாட்சியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

என்னைச் சோதித்தவர் உதவி டாக்டர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். இடது கையின் மூன்று விரல்களைக் கட்டியின்மேல் பதித்து, வலது விரலால் நடுவிரலைத் தட்டினார். உள்ளே ஏதோ ஒன்று அதிர்ந்து நின்றது. நீர் நிறைந்த தோற்பையைத் தட்டினால் எழும் நடுக்கம் அது. டாக்டர் மீண்டும் ஒருமுறை தட்டிவிட்டு, மெல்லிய ஊசியை விலா எலும்புகளுக்கிடையே செலுத்திச் சிறிதளவு எடுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். உடன் நின்ற பெரிய டாக்டரான வெள்ளைக்காரர் தலையசைத்தார்.

சீழோ இரத்தமோ வரும் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் ஏறியது தண்ணீர். மலையூற்றில் கைகுவித்து அள்ளியதுபோல் தெளிந்த தண்ணீர். அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்கு உடனே தெரிந்தது. தேக்கிலையின்மேல் ஈரலில் நின்ற நீர். குலவையொலி காதுக்குள் கேட்டது.

மறுநாள் டாக்டர் தேவசகாயம் உருப்பெருக்கிக் கருவியை என் கட்டிலருகே கொண்டுவரச் செய்து, அந்த நீரின் துளி ஒன்றை அதில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். ஒளிவட்டத்துக்குள் சின்னஞ்சிறு கொக்கிகள் வளையமாக நின்றன. யாரோ பொன்னாசாரி வார்த்து அடுக்கியதுபோல் அத்தனை ஒழுங்கு.

"இது ஒரு நாடாப்புழுவோட தலைக்கொக்கி, ஐயா. புழு முழுசா வளந்தாலும் ஒரு எள்ளு அளவுதான். இருக்கிறது நாயோட குடல்ல. நாய் வெளிக்குப் போகும்போது முட்டை வெளியே வரும். அது நாய் மயிர்ல, நாக்குல ஒட்டியிருக்கும். நாயைத் தடவின கையோட சாப்பிட்டா நம்ம வயித்துக்குள்ள போயிரும். அங்கேருந்து ஈரலுக்குப் போய் இப்படி நீர்க்கட்டியா வளரும். பல வருஷமா, சத்தமே இல்லாம."

"நாய்க்கு எங்கிருந்து வரும்?"

"கட்டி விழுந்த ஆட்டு ஈரலைத் தின்னா வரும். அதை யாராவது நாய்க்குப் போட்டிருக்கணும்." பிறகு கேட்டார்: "நீங்க பழகுற நாய் எது ஐயா?"

விசாலாட்சி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்றேன்.

"தோட்டத்துல?"

"காவற்காரர்களின் நாய்கள் இருக்கலாம். நான் அவற்றை அண்டவிடுவதில்லை."

"சீட்டுல எழுதுறதுக்காக மட்டும் கேக்கலை. அந்த நாயோட இருக்கிறவங்க வேற யாருக்காவது இதே மாதிரி கட்டி இருக்கலாம். தெரிஞ்சா கூப்பிட்டு அனுப்பணும்."

விலாவில் தேங்காய் கிடக்கிறது என்று சொன்னவளின் முகம் எனக்குத் தோன்றியது. "அப்படி ஒருவரும் இல்லை" என்றேன்.

டாக்டர் போன பிறகு விசாலாட்சி தண்ணீர்ச் செம்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"நீங்க மலையிலேருந்து எறங்குறப்பல்லாம் ஒங்க கம்பளியில செவலை மசுரா இருக்கும். வேலைக்காரி கையில குடுக்கிறதுக்கு முந்தி கொல்லையில வச்சு நான் பொறுக்கிப் போடுவேன். எத்தன வருசமா. நான் ஒண்ணும் கேட்டேனா? இப்பச் சொல்லிருங்க. டாக்டரு என்ன, கோயில் கதவுலயா ஒட்டப் போறாரு?"

"வாயை மூடு" என்றேன். நாற்பத்தாறு வயதில், படுக்கையில் கிடந்துகொண்டு, அப்படித்தான் சொன்னேன்.

"சரி" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ரணசிகிச்சை அன்று குளோரோபாரம் நனைத்த துணியை முகத்தில் கவித்து எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை எண்ணிய நினைவு. கட்டியை அப்படியே பெயர்த்தெடுக்க இயலாது. உள்ளே உடைந்தால் அந்த நீரே விஷம். ஆகவே வயிற்றைத் திறந்து, சுற்றிலும் துணியடைத்து, நீரை வடித்து, பையின் வாயை என் தோலோடு வைத்துத் தைத்து, ஒரு ரப்பர்க் குழாயைச் செருகிவிட்டார்கள். பை உள்ளிருந்து சுருங்கி ஆற வேண்டும். ஆறு வாரங்கள் அந்தக் குழாயோடு கிடந்தேன். அதன் வழியே நுங்குச் சதைபோல் வழுவழுப்பான உருண்டைகள் வந்துகொண்டேயிருந்தன. பெரிய கட்டிக்குள் பிறந்த குட்டிக் கட்டிகள் அவை என்றார்கள். மூன்றாம் வாரம் குழாயைச் சுற்றித் தாபிதம் கண்டது. சிவந்து, தடித்து, சுட்டது. காய்ச்சல் ஏறியது. செவலையின் காதைப் போலவே இருந்தது. அதைத் துடைத்துவிடும்போது அந்த நாய் என் கையைக் கடிக்காமல் எவ்வாறு பொறுத்துக்கொண்டது என்று அப்போதுதான் வியந்தேன்.

அந்நாட்களின் இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பகல்களில் விசாலாட்சி இருந்தாள். குழாயைக் கொதிநீரில் அலசுவதற்குத் தானே கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சமையலை நான் தொடமாட்டேன் என்று, எதிர்த்தெருவில் ஒரு வீட்டுக் கொட்டகையில் மூன்று கல் வைத்து ரசமும் சோறும் ஆக்கி வந்தாள். ஒரு நாள் ரசத்தில் உப்பில்லை என்றேன். "நாந்தான் போடல. டாக்டரு வேண்டாம்னாரு. உப்பில்லன்னு சொல்ற அளவுக்கு நாக்கு வந்திருச்சே, அது போதும்" என்றாள். செலவு கணிசமானதுதான். ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்குக் குறை ஏதுமில்லை.

விடைபெறும்போது நான் ஒரு சர்டிபிகேட் கேட்டேன். ஈரலில் நீர்க்கட்டி, மது காரணமன்று என்று மட்டும் அதில் இருந்தால் போதும் என்றேன். டாக்டர் தேவசகாயம் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது தாளை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"ஐயா, ஒங்களுக்கு ஞாபகம் வராம இருக்கலாம். யாருக்காவது இப்படிக் கட்டி இருக்குன்னு பின்னால தெரிஞ்சா, அமுக்கக் கூடாது, உருவக் கூடாது, அடிபடக் கூடாது. உள்ள உடைஞ்சா உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு அடைச்சுரும். கால் மணி நேரம்கூடத் தாங்காது."

"நன்றி" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சர்டிபிகேட்டைக் கோயில் கூட்டத்தில் படிக்கச் செய்தேன். பேச்சு நின்றது. என் பெயர் என்னிடம் திரும்பி வந்தது.

நான்கு மாதம் கழித்து, காய் எடுப்பின்போது மலையேறினேன். மாயக்காளின் வயிறு புடவைக்கு வெளியே தெரிந்தது. தாலியறுத்தவள், மலையில் தனியாக இருப்பவள், வயிறு முன்தள்ளியவள். தோட்டம் முழுவதும் ஒரே பேச்சு. சிலர் குரலைத் தாழ்த்தி என் பங்களாவின் பக்கம் கண்ணைக் காட்டினார்களாம். சடையாண்டி தங்கையோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அவன் மனைவி கைக்குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை. சிலமலையிலிருந்து உறவு முறையார் வந்து விசாரிக்கப் போவதாகச் செய்தி வந்தது.

அவள் பங்களா வாசலில் வந்து நின்றாள். செவலை எனக்கும் அவளுக்கும் நடுவே படுத்திருந்தது.

"எசமானே, ஒங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. அண்ணிக்கே சொன்னேன்ல. ஒங்களுக்கு அறுத்து எடுத்துட்டாக. எங்க ஆளுகட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இது பிள்ள இல்ல, கட்டின்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக. நாஞ் சொன்னா எவன் கேப்பான்?"

"காய் எடுப்பு முடியட்டும். மதுரைக்கு அனுப்பி வைக்கிறேன்."

"அதுக்குள்ள என்னைய உசுரோட பொதைச்சுருவாக."

"முடியட்டும் என்றேனே."

"செவலைக்குக் கூட வெரசாத்தான் பாத்தீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஏன் ஒத்திப் போட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் தேவசகாயம் அதே கேள்வியைக் கேட்பார். அவள் பொய் சொல்லமாட்டாள். எசமான் கட்டிலடியில் நாய் படுக்கும் என்பாள். மடைப்பள்ளிக்காரருக்கு நான் எழுதிய உத்தரவை ஊர் மறந்திருக்கவில்லை.

உறவு முறையார் ஒரு முற்பகலில் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். உடன் ஒரு மருத்துவச்சியையும் அழைத்து வந்திருந்தார்கள். ஸ்டோருக்குள் படுக்க வைத்து வயிற்றைப் பிடித்துப் பார்த்து, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும் என்பது தீர்மானம். சடையாண்டி வந்து என்னிடம் தெரிவித்தான். தோட்டத்தில் நடப்பதை உடையவரிடம் தெரிவிப்பது முறை.

"எசமானுக்கு ஆட்சேபணை இல்லையே?"

பங்களாப் படியிலிருந்து ஸ்டோருக்கு நாற்பது தப்படி. அமுக்கக் கூடாது என்ற சொல் என் நாக்கின்மேல் இருந்தது. சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். அவளுக்காக ஏன் பரிந்து பேசுகிறார் என்பார்கள். இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருந்த ஒரே விடை அந்த நாய்.

"உங்கள் குல விவகாரம்" என்றேன்.

அவன் போனான். நான் படிவரை வந்து நின்றேன். முதல் படியில் காலை வைத்தேன். அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஸ்டோருக்குள்ளிருந்து மருத்துவச்சியின் குரல் கேட்டது: "உருண்டு குடுக்குதே, கொஞ்சம் அழுத்தித்தான் பாக்கணும். இருடி, நெளியாத." பிறகு மாயக்காளின் ஒரு சத்தம். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசும் இரைச்சல்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தாள். கழுத்திலும் கையிலும் செந்தட்டிச் செடி பட்டதுபோல் தடிப்புகள் எழுந்துகொண்டிருந்தன. கண்ணிமைகள் மூடும்படி வீங்கின. உதடு தடித்தது. "அரிக்குது அண்ணே, அரிக்குது" என்றாள். அதன் பிறகு பேச்சு வரவில்லை. மூச்சு கீச்சென்று இழுத்தது. டாக்டர் சொன்ன நேரத்தைவிடக் குறைவாகவே அவள் உயிரோடு இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாளா என்று பல ஆண்டுகளாக யோசிக்கிறேன். இமைகள் மூடியிருந்தன. பார்த்திருக்க இயலாது. ஆனாலும் பார்த்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"மருந்து தின்னுருக்கா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "கலைக்கிறதுக்குத் தின்னுருக்கா. அதான் வெசம் ஏறிருச்சு." மருத்துவச்சி தன்மேல் பழி வராதபடி அதையே பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அது முடிந்த செய்தியாகிவிட்டது. நான் மறுக்கவில்லை.

அன்றிரவே டாக்டர் தேவசகாயத்துக்கு எழுதினேன். அப்போதுதான் முழு உண்மையையும் எழுதினேன். பதில் சுருக்கமாக இருந்தது. நாயைக் கொன்று குடலைத் திறந்து பார்க்கும் முறையை விவரித்து, கையுறையோ எண்ணெயோ இல்லாமல் தொடவேண்டாம் என்று எச்சரித்திருந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் இல்லை. கடிவார் என்றே நான் எதிர்பார்த்திருந்தேன்.

செவலையைச் சுடும்படி சடையாண்டியிடம் சொன்னேன். அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. "நாய் என்ன செஞ்சுச்சு எசமானே?" என்று கேட்டான். பிறகு அவன் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சிலமலைக்கு இறங்கிவிட்டான். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது சம்பந்தம் முறிந்திருக்கிறது. வேறொருவன் சுட்டான். நான் கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டு, ஸ்டோருக்குப் பின்னால், பட்டப்பகலில், கூலிகள் பார்க்க, குடலைக் கீறித் தண்ணீர் நிறைந்த கறுப்புச் சட்டியில் விரித்தேன். கத்தியை நான் அதற்கு முன் காய்கறிக்கும் எடுத்ததில்லை. உட்சுவர் முழுவதும் வெள்ளை மயிர்போல் ஏதோ எழும்பி அசைந்தது. ஒவ்வொன்றும் ஒரு புழு. எண்ண முடியாத அளவு. அவை கவ்வியிருந்த இடங்கள் சிறு வட்டங்களாகச் சிவந்து தடித்திருந்தன. அதுவும் தாபிதம்தான். இவ்வளவையும் சுமந்த நாய் ஒரு நாளும் முனகியதில்லை. காதில் கண்ணுக்குத் தெரிந்த உண்ணிகளைப் பிடுங்கிவிட்டு, நாயைக் குணப்படுத்திவிட்டதாக நான் நம்பியிருந்தேன்.

சட்டியோடு சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். மறுஆண்டு கிடா ஈரலை நெருப்பில் போடச் சொன்னேன். குறி பார்க்காததால்தான் சாரல் பொய்த்தது என்று கூலிகள் முணுமுணுத்தார்கள். மடைப்பள்ளிக்காரருக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஊரைவிட்டே போயிருந்தார்.

என் தழும்பு ஆறிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் உள்ளே ஏதோ கனப்பதுபோல் இருக்கும். மதுரைக்கு இருமுறை போய்ச் சோதித்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். ஸ்டோருக்கு இப்போது நான் போவதில்லை. போன காலத்தில், பானை விளிம்பில் அகப்பை மூன்று முறை தட்டும் ஓசை எனக்குக் கேட்டதுண்டு. அங்கே நாய்கள் இல்லை என்றும், கஞ்சி ஊற்ற எவரும் இல்லை என்றும் எனக்குத் தெரியும். அறிந்தும் திரும்பிப் பார்த்திருக்கிறேன். விசாலாட்சி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் இருந்தவரை இதை எழுதத் துணிவில்லாமல் இருந்ததற்கு அவளிடமே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் என் கையொப்பத்தோடு அனுப்புகிறேன். கோயில் கதவிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

மாயக்காள் பிள்ளை சுமந்தாள் என்கிறார்கள். சுமக்கவில்லை. கலைக்க மருந்து தின்றாள் என்கிறார்கள். தின்னவில்லை. அவள் வயிற்றில் இருந்தது நாய்ப்புழுவின் நீர்க்கட்டி. அதை அழுத்தினார்கள், உடைந்தது, இறந்தாள். அழுத்தினால் இறப்பாள் என்று அந்த மலையில் அன்று ஒருவருக்கும் தெரியாது என்கிறார்கள். அதுவும் தவறு. எனக்குத் தெரியும்.